பழைய இயக்கமுறையைப் பொதுவாக்குதல்: சோலாரிஸ் கற்பிக்கும் பாடம்

பல்லாண்டுகளாக உபயோகத்தில் இருந்துவரும் கணிப்பொறிகளை நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் காண்கிறோம். அவற்றின் விசைப்பலகை தேய்ந்தால் வேறொன்று வாங்கிப் பொருத்தலாம். வட்டு பழுதுற்றால் மாற்றலாம். ஆனால் கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் இயக்கமுறையில் ஒரு குறை தோன்றுமாயின், அதனை நாம் திருத்த இயலாது. செய்தளித்த நிறுவனமே திருத்தித் தருதல் வேண்டும். அந்நிறுவனம் அப்பொருளைக் கைவிட்டுவிட்டாலோ, வேறொருவருக்கு விற்றுவிட்டாலோ, உபயோகிப்போர் செய்வதறியாது நிற்க நேரிடுகின்றது.

இந்நிலையில், “பழைய இயக்கமுறையின் மூல நிரலை உலகோர் அனைவருக்கும் வழங்கிவிட்டால் என்ன? அதில் என்ன கஷ்டம் இருக்கின்றது?” என்னும் கேள்வி எழுவது இயல்பு. கேட்பதற்கு இது எளிய செயலாகவே தோன்றுகிறது. பூட்டிக் கிடக்கும் அறையைத் திறந்துவிடுவது போன்றதே இது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. திறப்பதற்கு முன்னரும், திறக்கும்பொழுதும், திறந்த பின்னரும் தீர்க்கவேண்டிய சிக்கல்கள் பல உள. அவற்றை ஓர் உண்மை நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தனது சோலாரிஸ் இயக்கமுறையை 2005ஆம் ஆண்டில் பொதுவாக்கியது. இது தொலைவில் நடந்த செய்தி மட்டுமன்று. பெங்களூரில் குழந்தை இயேசு ஆலயத்தால் பெயர்பெற்ற விவேக் நகருக்குச் சற்றே மேற்கில், லாங்ஃபோர்டு சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தில், அந்நிறுவனத்தின் இந்தியப் பொறியியல் மையம் அக்காலத்தில் இயங்கிவந்தது. அம்மையத்தைச் சேர்ந்த பொறியாளர்களும் இப்பணியில் பங்குகொண்டனர். அவர்கள் செய்தது யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மூல நிரல் என்பது யாது?

மனிதர் படித்தறியத்தக்க மொழியில் நிரலர் எழுதும் கட்டளைகளின் தொகுதியே மூல நிரல். கணிப்பொறி இதனை நேராக ஏற்பதில்லை. மொழிமாற்றி என்னும் மற்றொரு நிரல், மூல நிரலைப் பூஜ்யமும் ஒன்றுமாகிய இயந்திர வடிவாக மாற்றித் தருகிறது. கடையில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்த இயந்திர வடிவமேயாகும். நெய்து முடித்த சேலையைப் பார்த்து அதன் தறிக்கணக்கை அறிவது எவ்வளவு கடினமோ, அதனினும் பன்மடங்கு கடினம் இயந்திர வடிவத்திலிருந்து மூல நிரலை உய்த்துணர்வது.

மூல நிரலை மறைத்து இயந்திர வடிவத்தை மட்டும் வழங்கும் மென்பொருளைத் தனியுரிமை மென்பொருள் என்கிறோம். மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் எல்லோருக்கும் உரிமை அளிப்பதைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். இங்கு ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். மூல நிரல் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. அதனைக் கையாளும் உரிமையும் எழுத்து மூலமாக வழங்கப்பட்டிருத்தல் வேண்டும்.

சோலாரிஸின் பூர்வீகம்

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தைச் சேர்ந்த பெல் ஆய்வுக்கூடத்தில் யுனிக்ஸ் என்னும் இயக்கமுறை தோன்றிற்று. பின்னர்க் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி கிளையினர் அதனைப் பெருக்கி வளர்த்தனர். 1982இல் தோன்றிய சன் நிறுவனம் முதலில் பெர்க்கிலி வழிவந்த யுனிக்ஸையே தன் கணிப்பொறிகளில் அமைத்தது. இந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் இந்தியாவில் பிறந்து, தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வினோத் கோஸ்லாவும் ஒருவர். 1980க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் சன் நிறுவனம் ஏ.டி. அண்டு டி.யுடன் இணைந்து, யுனிக்ஸின் இரு கிளைகளையும் ஒன்றாக்கும் பணியில் ஈடுபட்டது. அவ்வழியில் 1992இல் வெளிவந்ததே சோலாரிஸ் இரண்டாம் பதிப்பு.

ஆகவே சோலாரிஸ் ஒரே கையால் எழுதப்பட்ட நூலன்று. ஏ.டி. அண்டு டி. எழுதிய பகுதி உண்டு. பெர்க்கிலியில் எழுதிய பகுதி உண்டு. சன் நிறுவனத்தார் எழுதிய பகுதி உண்டு. வட்டு, வலையட்டை முதலிய கருவிகளைச் செய்த வேறு நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்த பகுதியும் உண்டு. இவையனைத்தும் பல ஆண்டுகளாக ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

முதற் சிக்கல்: உரிமையின் மூலம்

கிராமத்தில் ஒரு பழைய வீட்டை ஊருக்குப் பொதுவாக எழுதிவைக்க ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். அவ்வீட்டில் அவர் முப்பது ஆண்டு குடியிருந்தார் என்பது போதுமா? போதாது. மூலப் பத்திரத்தைப் பார்க்கவேண்டும், வில்லங்கம் பார்க்கவேண்டும். பின்சுவர் பக்கத்து வீட்டாருக்கும் பொதுவானதா, கிணற்றில் பங்காளிக்குப் பாத்தியதை உண்டா என்று விசாரித்தறிய வேண்டும். தமக்கு முழு உரிமை இல்லாததைப் பிறர்க்கு வழங்க எவராலும் இயலாது. இயக்கமுறையின் நிலையும் இதுவே. வேறுபாடு யாதெனில், இங்கு ஒரு வீட்டிற்கன்று, ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒவ்வொன்றிற்கும் வில்லங்கம் பார்க்கவேண்டியிருக்கிறது.

இதனைச் செய்யாவிடில் விளைவது யாது என்பதற்குப் பெர்க்கிலியின் அனுபவமே சான்று. அப்பல்கலைக்கழகத்தார் தம் யுனிக்ஸ் கிளையைப் பொதுவாக்க முயன்றபொழுது, அன்று யுனிக்ஸின் உரிமையை வைத்திருந்த ஏ.டி. அண்டு டி.யின் துணை நிறுவனம் 1992இல் வழக்குத் தொடுத்தது. 1994இல் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்கவேண்டியதாயிருந்தவை மூன்று மட்டுமே. வேறு சுமார் எழுபது கோப்புகளில் உரிமைக் குறிப்பைச் சேர்த்தால் போதுமென்று முடிவாயிற்று. நீக்கப்பட்டவை மிகச் சிலவே எனினும், அவை எவை என்பது தெளிவாகும் வரையில் முழுத் தொகுதியின் மீதும் சந்தேகத்தின் நிழல் படிந்திருந்தது. இவ்விடைக்காலத்தில், அத்தகைய வழக்கு எதுவும் இல்லாத லினக்ஸ் விரைந்து பரவிற்று.

சன் நிறுவனம் இவ்விஷயத்தில் முன்னெச்சரிக்கையுடன் நடந்துகொண்டது. யுனிக்ஸின் உரிமையைப் பின்னர்ப் பெற்ற நோவெல் நிறுவனத்துக்கு 1994இல் 8 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்தி, அந்நிரலைக் கையாளும் விரிந்த உரிமையைப் பெற்றது. எனினும் அந்நிரலை இரகசியமாகக் காக்கவேண்டும் என்னும் நிபந்தனை அவ்வொப்பந்தத்தில் இருந்தது. 2003இல் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனத்துடன் செய்துகொண்ட வேறோர் ஒப்பந்தம் அந்நிபந்தனையைத் தளர்த்திற்று. ஆனால் அவ்வாறு தளர்த்தும் அதிகாரம் எஸ்.சி.ஓ.வுக்கு இருந்ததா என்பதே பின்னர் நீதிமன்றத்தில் கேள்வியாயிற்று. அதிகாரம் இல்லை என்றும், அவ்வகையில் பெற்ற பணத்தில் சுமார் 25 இலட்சம் டாலரை நோவெலுக்குச் செலுத்தவேண்டும் என்றும் 2008இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்குள் சோலாரிஸ் வெளியாகி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. வெளியான நிரலை இத்தீர்ப்பு தடுக்கவில்லை. ஆயினும், கோடிக்கணக்கில் செலவழித்து உரிமை பெற்றவர்க்கும் மூலப் பத்திரத்தின் ஐயம் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது சிக்கல்: எந்த உரிமத்தின் கீழ்?

திறந்த மூல உரிமங்கள் பல வகைப்படும். லினக்ஸின் உட்கரு ஜி.பி.எல். என்னும் உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. அவ்வுரிமத்தின்படி, அந்நிரலோடு ஒன்றாகக் கலந்து வழங்கப்படும் முழு ஆக்கமும் அதே உரிமத்தின் கீழ் வரவேண்டும். சோலாரிஸில் பிறர்க்குச் சொந்தமான பகுதிகளும் இருந்தமையால், முழுவதையும் அவ்வாறு வழங்குதல் சன் நிறுவனத்தால் இயலாதிருந்தது.

ஆதலின் அந்நிறுவனம் சி.டி.டி.எல். என்னும் புதிய உரிமம் ஒன்றை வகுத்தது. 2005 ஜனவரியில் திறந்த மூல முன்முயற்சி அமைப்பு இதனை அங்கீகரித்தது. இவ்வுரிமம் கோப்பு வாரியாகச் செல்லுபடியாகும். இதன் கீழ் வரும் கோப்பைத் திருத்தி வழங்குவோர், திருத்திய மூல நிரலையும் வழங்கவேண்டும். ஆனால் அதனோடு சேர்ந்து இயங்கும் வேறு கோப்புகள் மூடியவையாகவே இருக்கலாம். இதனோடு, தன்வசம் இருந்த 1,600க்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புக் காப்புரிமைகளைத் திறந்த நிரலில் உபயோகித்துக்கொள்ளவும் சன் நிறுவனம் இசைவளித்தது. நிரலை எழுதியதற்கான பதிப்புரிமை வேறு, அதில் அடங்கிய கண்டுபிடிப்பின் உரிமை வேறு. இரண்டையும் சேர்த்து வழங்கினாலன்றி, நிரலைப் பெற்றவர் அச்சமின்றி உபயோகிக்க முடியாது.

இவ்வேற்பாடு ஒரு சிக்கலைத் தீர்த்து மற்றொன்றை உண்டாக்கிற்று. ஜி.பி.எல்., சி.டி.டி.எல். ஆகிய இரண்டின் நிபந்தனைகளையும் ஒரே ஆக்கத்தில் ஒருங்கே நிறைவேற்ற இயலாது என்பது பலருடைய கருத்து. இதன் பயனாகச் சோலாரிஸின் சிறந்த பகுதிகள் லினக்ஸின் உட்கருவில் நேரே சேர இயலவில்லை. இவற்றுள் ஒன்று, வட்டிலுள்ள தரவு சிதைந்தால் தானே கண்டறிந்து, உபரிப் பிரதியிலிருந்து சரிசெய்துகொள்ளும் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை. அதன் மூல நிரல் 2005 நவம்பரிலேயே வெளியாயிற்று. இன்றளவும் அது லினக்ஸ் உட்கருவுக்கு வெளியே தனித் தொகுதியாகவே பேணப்பட்டு வருகிறது.

மூன்றாவது சிக்கல்: திறக்க இயலாத எச்சம்

சோலாரிஸின் நிரல் ஒரே நாளில் வெளியாகிவிடவில்லை. 2004 செப்டம்பரில் நிறுவனத்துக்கு வெளியேயுள்ள 18 பேரைக் கொண்டு ஒரு முன்னோட்டம் தொடங்கிற்று. ஒன்பது மாதங்களில் அவர்களது எண்ணிக்கை 145 ஆயிற்று. 2005 ஜனவரி 25ஆம் நாள் டிடிரேஸ் என்னும் ஆய்வுக் கருவியின் நிரல் முதலில் வெளியிடப்பட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் இயக்கமுறையை நிறுத்தாமலே அதனுள் நடப்பதை அளந்து காட்டும் கருவி இது. இது சன் நிறுவனத்தாரே புதிதாக எழுதியது; ஆகவே இதற்கு வில்லங்கம் இல்லை. 2005 ஜூன் 14ஆம் நாள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளைக் கொண்ட முதன்மைப் பகுதி ‘ஓப்பன்சோலாரிஸ்’ என்னும் பெயரில் வெளிவந்தது.

ஆயினும் ஒரு பகுதி எஞ்சி நின்றது. பிறருடைய உரிமை கலந்திருந்த கோப்புகளை மூல நிரலாக வெளியிட முடியாமையால், அவற்றை இயந்திர வடிவிலேயே சன் நிறுவனம் வழங்கிற்று. சில வட்டுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களுக்கான இயக்கிகள், வலைவழிக் கோப்புப் பகிர்வில் ஒரே கோப்பை இருவர் ஒருங்கே மாற்றாமல் காக்கும் பூட்டு நிர்வாகி, சில சிறு கட்டளை நிரல்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றுள் நமக்கு மிகவும் கருத்திற்குரியது ஒன்று உண்டு. உலக மொழிகளின் எழுத்து, அகர வரிசை, நாள், எண், நாணயம் ஆகியவற்றைக் கையாளும் உறுப்பு, இயக்கமுறையின் அடிப்படை நூலகத்தில் அமைந்திருந்தது. அவ்வுறுப்பு மூடிய பகுதிகளுள் அடங்கும். மொழி விதிகளை இயந்திர வடிவாக்கித் தரும் கருவியும் அவ்வாறே மூடியிருந்தது. ஆதலின், தமிழ் போன்ற மொழியின் வரிசை முறையை இயக்கமுறையின் அடித்தளத்திலேயே மாற்றியமைக்க ஒருவர் விரும்பினால், ஐம்பது இலட்சம் வரிகள் திறந்திருந்தும் அவருக்குத் தேவையான வாயில் அடைபட்டே இருந்தது.

இதனினும் முக்கியமான விளைவு ஒன்றுண்டு. அடிப்படை நூலகத்தை நாடாமல் ஏறத்தாழ எந்த நிரலும் இயங்குவதில்லை. அதில் ஒரு சிறு கூறு மூடியிருப்பினும், சன் நிறுவனம் தரும் இயந்திர வடிவக் கோப்பு இல்லாமல் முழு இயக்கமுறையையும் கட்டியெழுப்ப வெளியாரால் இயலாது. நூறு படிகளைக் கொண்ட ஏணியில் ஒரு படி மட்டும் பிறர் கையில் இருப்பது போன்றது இது. திறந்த பகுதி எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவதால் பயனில்லை. உரிமையாளரின் தயவு இல்லாமல் முழுவதையும் கட்டமுடியுமா என்று கேட்பதே சரியான சோதனையாகும்.

நான்காவது சிக்கல்: பட்டறையும் முறைமையும்

ஒரு நிறுவனத்துக்குள்ளேயே வளர்ந்த நிரல் அந்நிறுவனத்தின் பழக்கவழக்கங்களைத் தழுவியே அமைந்திருக்கும். எந்த மொழிமாற்றியைக் கொண்டு கட்டுவது, எந்த ஒழுங்கில் கட்டுவது, எவ்வகைச் சோதனைகளைச் செய்வது என்பன உள்ளே இருப்போருக்குத் தெரியும். பல சமயங்களில் அவை ஏட்டில் எழுதப்பட்டிரா. நிரலை வெளியிடுவோர் இப்பட்டறை அறிவையும் எழுதி வெளியிடவேண்டும். குறிப்புரைகளில் வாடிக்கையாளரின் பெயரோ, பிற நிறுவனத்தின் இரகசியமோ இருப்பின் அவற்றைக் களையவும் வேண்டும்.

சோலாரிஸில் வெளியார் ஒரு திருத்தம் செய்தால், அதனை அவரே மூலக் காப்பகத்தில் சேர்க்க இயலாது. சன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அத்திருத்தத்துக்குப் பொறுப்பேற்று, சோதித்து, உள்ளே சேர்க்கவேண்டும். நிறுவனத்தின் உட்காப்பகம், வெளியாரும் கையாளத்தக்க மெர்க்குரியல் என்னும் முறைக்கு மாறியது 2008இல்தான். தரத்தைக் காக்க இத்தகைய முறைமை அவசியமே. எனினும் வெளியிலிருந்து வந்தவர், தாம் விருந்தினரேயன்றி வீட்டாரல்லர் என்னும் உணர்வை நீக்கிக்கொள்வது அரிதாயிற்று.

பெங்களூரில் எழுந்த பெலினிக்ஸ்

இத்தடைகள் இருந்தும், திறந்த நிரல் புதிய முயற்சிகளுக்கு இடமளித்தது. அவற்றுள் ஒன்றே பெங்களூரை மையமாகக் கொண்டு எழுந்த பெலினிக்ஸ். சன் நிறுவனத்தின் இந்தியப் பொறியியல் மையத்தைச் சேர்ந்தோர் இதில் முன்னின்றனர். கெல்த்திய மக்களின் சூரிய தெய்வமாகிய பெலினோஸின் பெயரைத் தழுவி இப்பெயர் அமைந்தது.

சோலாரிஸ் பெரிய கணிப்பொறிகளுக்காக வளர்ந்த இயக்கமுறை. அதனை ஒரு சாதாரணக் கணிப்பொறியில் நிறுவிப் பழகுவது மாணவர்க்கு எளிதன்று. பெலினிக்ஸ் குழுவினர் அதனை ஒரே குறுந்தட்டில் அடக்கினர். தட்டைக் கணிப்பொறியில் இட்டு இயக்கினால், வட்டில் ஏற்கெனவே உள்ளவற்றைத் தொடாமலே இயக்கமுறை முழுவதும் இயங்கும். குறுந்தட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட் மட்டுமே. ஆதலின் கோப்புகளைச் சுருக்கி அடக்கவேண்டியிருந்தது. மேலும், குறுந்தட்டிலிருந்து படிக்கும் தலை இங்குமங்கும் தாவினால் வேகம் மிகவும் குறையும். இயக்கமுறை தொடங்கும்பொழுது எக்கோப்பு எவ்வரிசையில் படிக்கப்படுகிறது என்பதை அறிந்து, அவ்வரிசையிலேயே கோப்புகளைத் தட்டில் வைத்தால் இக்குறை நீங்கும். இவ்வரிசையை அளந்தறிய அவர்களுக்கு உதவியது, முன்னர்க் கூறிய டிடிரேஸ் கருவியே.

2008 மே மாதத்தில் சன் நிறுவனமே குறுந்தட்டு வடிவில் வெளியிட்ட ஓப்பன்சோலாரிஸ் பதிப்பில், பெலினிக்ஸ் வகுத்த இவ்வழிகள் எடுத்தாளப்பட்டன. மூலக் குழுவினர் எண்ணிப் பாராத உபயோகத்தைப் பிறர் கண்டறிவதும், அது மீண்டும் மூலத்துக்கே வந்து பயன்படுவதும் நிரலைத் திறப்பதனால் உண்டாகும் நன்மையாகும். இந்நன்மைக்கு நம் நாட்டுப் பொறியாளர்களும் காரணமாயினர் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகும்.

ஐந்தாவது சிக்கல்: ஆட்சி யாரிடம்?

ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கப்போவதாக 2009 ஏப்ரலில் அறிவித்தது; 2010 ஜனவரியில் அவ்விற்பனை நிறைவேறிற்று. 2010 ஆகஸ்டில், ஓப்பன்சோலாரிஸ் முயற்சி நிறுத்தப்படுகிறது என்னும் முடிவு வெளியாயிற்று. அதே மாதம் 23ஆம் நாள், சமூகத்தின் சார்பில் அமைந்திருந்த ஆட்சிக் குழு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அடுத்த பெரும் பதிப்பாகிய சோலாரிஸ் 11, 2011 நவம்பரில் வெளிவந்தபொழுது தனியுரிமை மென்பொருளாகவே வந்தது.

பொதுவாக்கிய நிரலை மீண்டும் மூட இயலுமா? இங்கு நுட்பமாகப் பிரித்தறிய வேண்டும். ஏற்கெனவே வழங்கிய உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. வெளியான நிரல் வெளியானதே. ஆனால் நிரலை அளித்த வெளியார் ஒவ்வொருவரும், தம் ஆக்கத்தின் பதிப்புரிமையைச் சன் நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தனர். ஆகவே அந்நிறுவனமும், அதன் உரிமையைப் பெற்ற ஆரக்கிளும், முழு நிரலையும் தாம் விரும்பிய உரிமத்தில் வெளியிட முடிந்தது. மற்றவர்களோ சி.டி.டி.எல். உரிமத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். எதிர்காலத் திருத்தங்களை மூடிவைக்கும் வசதி உரிமையாளர் ஒருவருக்கே இருந்தது. ஆட்சிக் குழு பெயரளவில் இருந்ததேயன்றி, காப்பகமும் பெயருரிமையும் கட்டடமும் ஊழியரும் அதன் வசம் இருக்கவில்லை.

எனினும் கதை இவ்விடத்தில் முடியவில்லை. 2010 ஆகஸ்டு 3ஆம் நாள், அதாவது கதவு அடைபடுவதற்குச் சில தினங்களுக்கு முன்னரே, காரெட் டி'அமோர் என்பவர் இல்லுமோஸ் என்னும் முயற்சியை அறிவித்தார். மூடிய பகுதிகளுக்கு ஈடாகத் திறந்த நிரலை எழுதியோ, பிற இடத்திலிருந்து பெற்றோ நிரப்புவதே அதன் முதல் வேலை. மொழிகளைக் கையாளும் உறுப்புக்கு ஈடான நிரல், பெர்க்கிலி வழிவந்த ஃப்ரீபி.எஸ்.டி. இயக்கமுறையிலிருந்து பெரும்பாலும் பெறப்பட்டது. எந்த யுனிக்ஸ் கிளையின் மூன்று கோப்புகளுக்காக 1992இல் வழக்கு நடந்ததோ, அக்கிளையின் திறந்த நிரலே பிற்காலத்தில் மற்றொரு யுனிக்ஸ் கிளையின் இடைவெளியை நிரப்பியது குறிப்பிடத்தக்கது. இல்லுமோஸும், அதன் வழிவந்த ஓப்பன்இண்டியானா முதலியவையும் இன்றும் வாழ்ந்துவருகின்றன. இசட்.எஃப்.எஸ். கோப்பு முறையைப் பல இயக்கமுறைகளுக்கும் பொதுவாக வளர்க்கும் பொருட்டு 2013இல் ஓப்பன்இசட்.எஃப்.எஸ். முயற்சி தோன்றிற்று.

பிற நிகழ்ச்சிகளோடு ஒப்பீடு

கைத்தொலைபேசிகளில் ஒருகாலத்தில் பெரிதும் வழங்கிய சிம்பியன் இயக்கமுறையை 2010 பிப்ரவரியில் பொதுவாக்கினர். ஆனால் அவ்வாண்டின் இறுதிக்குள் அதனைப் பேணிய அமைப்பு தன் பணிகளைச் சுருக்கிக்கொண்டது. 2011இல் அந்நிரல் நோக்கியாவின் கட்டுப்பாட்டுக்குத் திரும்பி, திறந்த முறையும் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து அதனை ஏற்று நடத்தும் கூட்டம் உருவாவதற்குள் காலம் கடந்துவிட்டது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எம்.எஸ்.-டாஸ் இதற்கு மாறானது. அதன் தொடக்கப் பதிப்புகளின் மூல நிரல் 2014இல் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாகப் பார்வைக்கு மட்டும் வழங்கப்பட்டது. 2018இல்தான் திறந்த உரிமம் கிடைத்தது. 1988இல் விற்கப்பட்ட நான்காம் பதிப்பின் நிரல் 2024இல் வெளியாயிற்று. இவை வரலாறு கற்போர்க்கும், இயக்கமுறையின் அமைப்பைப் பயில்வோர்க்கும் நல்ல செல்வம். ஆனால் இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் அதனை நம்பியிருந்த அலுவலகங்களுக்கு இதனால் பயனில்லை. காலந்தாழ்த்திக் கொடுத்தது நூல்நிலையத்துக்கு உதவும், பட்டறைக்கு உதவாது.

களப்பணியாளர் கவனிக்கவேண்டியவை

இந்திய அரசு தன் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளை ஏற்பது பற்றிய கொள்கையையும், அரசு மென்பொருள்களின் மூல நிரலைத் திறந்து கூட்டாக வளர்ப்பது பற்றிய கொள்கையையும் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆகவே மேற்கூறியவை நமக்குப் புறம்பான செய்திகள் அல்ல. ஒரு வட்டார அலுவலகத்துக்கென எழுதப்பட்ட சிறு கணக்கு நிரலுக்கும் இவை பொருந்தும். அத்தகைய நிரலைப் பெறும்பொழுதோ, பிறர்க்கு வழங்கும்பொழுதோ கீழ்க்கண்ட நான்கையும் விசாரித்தறிதல் நலம்.

1. மூல நிரல் நம் கைக்கு வந்துள்ளதா? அதனைத் திருத்தவும் வழங்கவும் எழுத்து மூலமான உரிமை உண்டா?

2. அதனுள் பிறர்க்குச் சொந்தமான பகுதி எது? அப்பகுதியின் பட்டியல் உள்ளதா? பட்டியலை நிரல் எழுதும்பொழுதே தயாரித்தல் எளிது. இருபது ஆண்டு கழித்துத் தயாரிப்பது மிகக் கடினம்.

3. எழுதிவைத்த குறிப்பை மட்டும் கொண்டு, புதிய கணிப்பொறி ஒன்றில், முன்பின் அறியாத ஒருவர் அந்நிரலை முழுவதும் கட்டியெழுப்ப முடியுமா? இதனை ஒருமுறையேனும் செய்து பார்த்தல் வேண்டும்.

4. எழுதியவர் விலகிய பின், திருத்தங்களை ஏற்பதும் மறுப்பதும் யார் பொறுப்பு?

வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கணிப்பொறி இல்லாமலும் நடத்தலாம். பள்ளி ஆண்டு மலர் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, “இம்மலரை யார் வேண்டுமானாலும் திருத்தி அச்சிட்டுக்கொள்ளலாம் என்று நாம் அறிவிக்க விரும்பினால், யார் யாருடைய இசைவைப் பெறவேண்டும்?” என்று கேட்கவும். கட்டுரை எழுதிய பழைய மாணவர், படம் பிடித்த நிழற்படக்காரர், பத்திரிகையிலிருந்து எடுத்து ஒட்டிய சித்திரம், அச்சகத்தார் கொடுத்த எழுத்துரு என்று பட்டியல் நீளும். முகவரி தெரியாதவருடைய பக்கத்தை என்ன செய்வது என்னும் கேள்வியும் எழும். விட்டுவிடுவதா, புதிதாக எழுதிச் சேர்ப்பதா என்று மாணவர்களே விவாதித்து முடிவு செய்யட்டும். சோலாரிஸைத் திறந்தவர்கள் எதிர்கொண்ட வேலையின் தன்மை அவர்களுக்கு அப்பொழுது விளங்கும்.

தொகுப்புரை

பழைய இயக்கமுறையைப் பொதுவாக்குதல் ஒரு நாளில் முடியும் கொடையன்று. ஒவ்வொரு பகுதியின் மூலத்தையும் ஆராய்தல், தக்க உரிமத்தை வகுத்தல், எஞ்சும் மூடிய பகுதிகளை நிரப்புதல், பட்டறை அறிவை எழுதிவைத்தல், ஆட்சியைப் பகிர்தல் ஆகிய ஐந்தும் நிறைவேறவேண்டும். சோலாரிஸில் முதல் இரண்டும் பெரிதும் நிறைவேறின. பின் மூன்றும் குறைபட்டன. அதனால் உரிமையாளர் மாறியபொழுது கதவு மீண்டும் அடைபட்டது. ஆயினும் முன்னர்த் திறந்த நிரல் திரும்பப் பெற இயலாததாக இருந்தமையால், பிறர் அதனை எடுத்து வாழச் செய்தனர்.

வினாக்கள்

1. மூல நிரல் கண்ணுக்குத் தெரிவதற்கும், திறந்த மூல மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஐம்பது இலட்சம் வரிகள் திறந்திருந்தும், வெளியார் சோலாரிஸை முழுவதும் தாமே கட்டமுடியாதிருந்தமைக்குக் காரணம் என்ன?

3. பெலினிக்ஸ் குழுவினர் குறுந்தட்டில் கோப்புகளை வரிசைப்படுத்தியது ஏன்?

4. ஆரக்கிள் நிறுவனத்தால் புதிய பதிப்பை மூட முடிந்தது. பழைய நிரலைத் திரும்பப் பெற முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் கூறுக.

5. உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ உபயோகிக்கும் ஒரு நிரலைத் தேர்ந்து, மேலே கூறிய நான்கு விசாரணைகளையும் அதற்குச் செய்து பார்த்து, விடைகளை எழுதிவைக்கவும்.